சங்கிலிக்கு எதற்கு மஞ்சள் பெயின்ட்?

"பாதுகாப்புங்கறது என் ரத்தத்துலயே ஊறிப்போன விஷயம், மேடம்," என்றார் மரவாடி முதலாளி.

அதைச் சொல்வதற்கு அவர் பீரோவை நகர்த்துவதுபோல் மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. கழுத்தைச் சுற்றி, தாடை வரை ஏறிய கெட்டியான பட்டை. டாக்டர் போட்டது.

"பாத்ரூம்ல வழுக்கிட்டீங்களாமே?" என்று அண்ணி விசாரித்தாள்.

"சோப்பு."

"பாதுகாப்பு வாரத்தை பாத்ரூம் வரைக்கும் கொண்டாடியிருக்கலாம் சார்," என்றான் கொழுந்தன். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

அண்ணி வாடகை வீட்டு மாடியறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். கொழுந்தன், அவள் கணவனின் தம்பி. டிராக்டர் ரிப்பேர் கடை வைத்து, வண்டியைவிட அரட்டைக்கு வந்த கூட்டம் அதிகமாகிப் போனதால் கடையை மூடியவன். இப்போது அண்ணிக்கு உதவியாளர். உதவி என்றால் ஸ்கூட்டர் ஓட்டுவதும், வாயை அடக்காமல் மிதி வாங்குவதும்.

மரவாடி வாசலில் பத்தடிக்குப் பத்தடி போர்டு. பாதுகாப்பு விதிகள் என்று தலைப்பு. பாதி போர்டில் முதலாளியின் படம், மீதியில் அவர் வாங்கிய 'பாதுகாப்புச் செம்மல்' பட்டத்தின் படம், விதிகள் இரண்டுக்கும் நடுவில் ஒண்டுக்குடித்தனம். அந்தப் பட்டத்தைக் கொடுத்த சங்கத்துக்குத் தலைவர் அவரேதான்.

விவகாரம் இதுதான். போன வாரம், விடுமுறை நாளன்று, இங்கே ஒரு டிராக்டர் பெரிய அடிமரத்தை இழுக்கும்போது முன்பக்கம் தூக்கி, அப்படியே பின்னால் மல்லாந்தது. அதன் டிரைவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். எந்த வேலையையும் அவசரப்படாமல் செய்கிறவன் என்பதால் அவனுக்கு 'நிதானம்' என்று பெயர். மரத்துக்கும் டிராக்டருக்கும் சங்கிலி மாட்டுகிறவன் 'பம்பரம்'. அவன் நேற்றிலிருந்து லாக்கப்பில் இருக்கிறான். இருவருக்கும் முந்தின நாள் வாய்ச்சண்டை, அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே சங்கிலியை உயரத்தில் மாட்டி வண்டியைக் கவிழ்த்துவிட்டான் என்பது முதலாளி சொன்ன கதை. போலீஸ் அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. இன்று சாயங்காலம் கோர்ட் கலைவதற்குள் பம்பரத்தை நீதிபதி முன்னால் நிறுத்துகிறார்கள். அவன் ஒப்புக்கொள்ளப் போகிறான். ஒப்புக்கொண்டால் வருஷக்கணக்கில் உள்ளே.

"நான்தான் மாட்டினேன். என் கைதான் மாட்டுச்சு." இதற்கு மேல் பெண்டாட்டியிடம்கூட அவன் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்டாட்டி இதே மரவாடியில் பலகை அடுக்குகிறவள். அவள்தான் அண்ணியிடம் ஓடிவந்தவள்.

கவிழ்ந்த டிராக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள் அண்ணி. முதலாளி பெருந்தன்மையாகச் சம்மதித்தார். ஆனால் விதி விதிதான். ஷெட்டுக்குள் செல்போன் கூடாது. மூன்று போனும் வாசல் பெட்டியில் படுத்துக்கொண்டன. வேலையாட்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று முதலாளி ஷெட்டுக் கதவையும் உள்ளிருந்து தள்ளிச் சாத்தினார்.

தகர ஷெட். அண்ணாந்து பார்த்தால் எட்டாத உயரத்தில் இரண்டு ஜன்னல் ஓட்டை. ஒரு பக்கம், கவிழ்ந்து நிமிர்த்தி வைத்த பெரிய டிராக்டர். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவுக் கம்பி நெளிந்திருந்தது. இன்னொரு பக்கம் ஒரு பழைய சின்ன டிராக்டர். அதற்கு வளைவும் இல்லை, பெல்ட்டும் இல்லை, ஓட்டுகிறவனுக்குக் கடவுள்தான் உண்டு. கதவை ஒட்டி, லேசான சரிவில், ஒன்றன்மேல் ஒன்றாக அடிமரங்கள். வெளியே ரம்பம் ஓடும் சத்தம் காதுக்குள் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது.

"இதைப் பாருங்க மேடம்." முதலாளி மர அடுக்கின் அடியிலிருந்த ஆப்பைக் கைத்தடியால் தட்டினார். "இந்த ஆப்போட கோணம் என் சொந்த யோசனை. யானை வந்து இடிச்சாலும் அசையாது. இப்படி..."

ஓங்கி இன்னொரு தட்டு. யானைக்கு அசையாத ஆப்பு, முதலாளிக்கு அசைந்தது. கொழுந்தன் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தான். அடி வரிசையிலிருந்த மரம் உருண்டு, கதவில் 'தொம்'மென்று மோதி, நிலைப்படியின் பள்ளத்தில் வசதியாகப் படுத்துக்கொண்டது. மற்றவை ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டன.

உள்பக்கமாகத் திறக்கும் கதவு. அதன் மார்பில் சாய்ந்தபடி, மூன்று பேரும் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை கோக்க முடியாத பருமனில் ஒரு மரம்.

"பொதுவா ஆப்பு அடுத்தவனுக்குத்தான் வைப்பாங்க," என்றான் கொழுந்தன். "தனக்குத்தானே உருவிக்கிட்டவரை இப்பத்தான் பாக்கறேன்."

தள்ளிப் பார்த்தார்கள். மரம் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. கத்திப் பார்த்தார்கள். ரம்பம் அவர்களைவிட நன்றாகக் கத்தியது. தகரத்தில் தட்டினார்கள். ரம்பத்தின் கச்சேரிக்குத் தாளம் போட்டதுதான் மிச்சம். முதலாளி அனிச்சையாகச் சட்டைப் பையைத் தடவினார்.

"வாசல் பெட்டில இருக்கு சார். பத்திரமா," என்றான் கொழுந்தன்.

கூரைத் தகரம் வெயிலை வாங்கிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. காற்று நகரவில்லை. கொழுந்தனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பம்பரம் கோர்ட்டுக்குக் கிளம்பியிருப்பான் என்ற நினைப்பில் கதவை இன்னொரு தடவை முட்டிப் பார்த்தான். அண்ணி மட்டும், மாட்டிக்கொண்டதே வசதி என்பதுபோல் பெரிய டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"டேய், இங்க வா. சங்கிலியை எங்க மாட்டணும்? சொல்லு."

"பின்னாடி தாழ்வா ஒரு இரும்புப் பட்டை நீட்டிட்டு இருக்கு பாருங்க, டிரா பார். அதுல மட்டும்தான். அங்க மாட்டினா மரம் நகரும், இல்லன்னா சக்கரம் சும்மா சுத்தும். பின் அச்சுக்கு மேல, இதோ சீட்டுக்குக் கீழ இருக்கற இந்தத் துளையில மாட்டினா, மரம் நகராது, வண்டி மூக்கு எந்திரிச்சுரும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மேல வந்து படுத்துக்கும்."

"பம்பரத்துக்கு இது தெரியாதா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்."

"அதான் மேடம் நானும் சொல்றேன்," முதலாளி பீரோவைத் திருப்பினார். "தெரிஞ்சே செஞ்சான். துரோகி."

"சரி. நிதானத்துக்குத் தெரியாதா? அவன் சங்கிலியைக் குனிஞ்சு பாக்காம வண்டியில ஏறவே மாட்டானாமே. அவனுக்கு 'நிதானம்'னு பேரு வெச்சவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஓட்டறவன் பாக்காம எப்படி மேல மாட்ட முடியும்?"

"அன்னிக்குப் பாக்காம விட்டிருப்பான். மனுஷன்தானே. நான் என்ன கண்டேன்? நான் அன்னிக்கு இந்தப் பக்கமே வரலை. சொல்லப்போனா, நான் ஒரு டிராக்டர் சீட்டுல ஒரு தடவைகூட உக்காந்தது கிடையாது."

அண்ணி தரையில் கிடந்த சங்கிலியைக் காலால் புரட்டினாள். கட்டைவிரல் கனத்தில் கண்ணிகள். அத்தனையும் பளிச்சென்று மஞ்சள்.

"இதுக்கு எதுக்கு மஞ்சள் பெயின்ட்?"

"பா... பாதுகாப்பு. தூரத்துலேர்ந்து பளிச்சுனு தெரியணும்ல."

"நாளெல்லாம் சேத்துல புரள்ற சங்கிலிக்கு! உங்க வீட்டு எருமைக்குப் பவுடர் போடுவீங்களா சார்?" என்றான் கொழுந்தன். குனிந்து பார்த்தவனுக்கு வேடிக்கை போய் விறுவிறுப்பு வந்தது. "அண்ணி, டிரா பார்ல பழைய கிரீஸ்தான் இருக்கு. மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்ல. மேல் துளையில மட்டும் மஞ்சள் உரிஞ்சு ஒட்டியிருக்கு. பெயின்ட் அடிச்சதுக்கு அப்புறம் இந்தச் சங்கிலி கீழ மாட்டப்படவே இல்ல. அடிச்சதே அன்னிக்குத்தான்."

"கவுக்கறதுக்கு முன்னாடி யாராவது சங்கிலிக்கு அலங்காரம் பண்ணுவாங்களா?" அண்ணி சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். "இதுவும் ஒண்ணு இருக்கு. சீட் பெல்ட்."

பெல்ட்டின் கொக்கி பூட்டியபடியே இருந்தது. பட்டைதான் குறுக்கே கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது.

கொழுந்தன் வாயைக் குவித்து விசில் அடித்தான். "நிதானம் வண்டிக்கு வெளியே, மட்கார்டுக்கு அடியில கிடந்தான்னுதான் போலீஸ் எழுதியிருக்கு. வெளிய கிடக்கறவனுக்கு யாரும் உள்ள இருக்கற பெல்ட்டை அறுக்க மாட்டாங்க. உள்ள ஒருத்தன் பெல்ட்டோட தொங்கியிருக்கான்."

"பெல்ட்டோட நீளத்தைப் பாத்தியா? நிதானம் குச்சி. இதுல அவனை ரெண்டு சுத்து சுத்தலாம்."

முதலாளி வயிற்றை உள்ளே இழுக்க முயன்று, பாதியில் கைவிட்டார்.

"சந்தேகம் மேடம். எல்லாமே சந்தேகம். கோர்ட்ல நிக்காது. பம்பரம் ஒத்துக்கிட்டா முடிஞ்சுது. அவன் குடும்பத்தை நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்." சொன்னவருக்கே கடைசி வாக்கியம் அதிகப்படி என்று தோன்றியிருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்துப் பட்டைக்கு மேலே தெரிந்த கொஞ்சூண்டு கழுத்தைத் துடைத்தார்.

அண்ணி அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் கொழுந்தனுக்கு எரிச்சலாக இருந்தன. பட்டம் எந்த வருஷம் கொடுத்தார்கள், மேடையில் யார் யார் இருந்தார்கள், போர்டில் இருக்கும் படம் எந்த ஸ்டூடியோவில் எடுத்தது. முதலாளி பதில் சொல்லச் சொல்ல உற்சாகமானார். ஒருவன் கைதிக் கூண்டில் ஏறப்போகிறான், இவள் மாலையின் கனம் கேட்டுக்கொண்டிருக்கிறாளே! அண்ணன் இவளிடம் வாயே திறப்பதில்லை என்பதன் காரணம் அவனுக்கு அன்றுதான் புரிந்தது.

திடீரென்று அண்ணி பேச்சை நிறுத்திக் கொண்டையை இறுக்கிக்கொண்டாள்.

"போதும். வெளிய போற வழியப் பாப்போம். டேய், அந்தச் சின்ன வண்டி ஓடுமா?"

"சாவி இருக்கு. ஓடும். ஆனா இங்க எஞ்சின் ஓட்டினா புகை வெளிய போறதுக்கு வழி இல்ல. அந்த ரெண்டு ஓட்டை நம்ம மூணு மூக்குக்கே பத்தாது. சட்டுனு முடிக்கணும்."

"முடிப்போம். மரத்துல சங்கிலியைச் சுத்து. வண்டியில இந்த முனையை அந்த மேல் துளையில மாட்டு."

கொழுந்தன் அவளைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை.

"அண்ணி, இப்பத்தானே பாடம் எடுத்தேன்? இந்த வண்டிக்கு வளைவுகூட இல்ல. கவுந்தா நான் சப்பாத்தி."

"மாட்டுடா."

"அண்ணனுக்கு யார் பதில் சொல்றது?"

"அவருக்கு நான் சொல்லிக்கறேன். கீழ மாட்டினா மரம் நிலைப்படிப் பள்ளத்துலேர்ந்து எந்திரிக்காது. மேலேர்ந்து இழுத்தாத்தான் தூக்கும். நீ ஏறு. எடுத்த எடுப்புல நல்லா ரேஸ் பண்ணி ஒரே வெட்டு."

வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் எல்லோரும் சொல்கிற யோசனை. கடை வைத்திருந்த காலத்தில் இதைச் சொன்னவர்களை அவன் வாசலோடு அனுப்பியிருக்கிறான். ஆனால் அண்ணியின் கண் அவனைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொழுந்தன் சங்கிலியை மேல் துளையில் மாட்டினான். சீட்டில் ஏறினான். உள்ளங்கை ஈரத்தில் ஸ்டியரிங் வழுக்கியது. சாவியைத் திருப்பினான். கிழட்டு எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது, ஷெட்டு முழுக்கப் புகை. கிளட்சை மிதித்தான். கியர் விழுந்தது.

"ம், விடு," என்றாள் அண்ணி.

"வேண்டாம்!"

முதலாளியின் குரல்தான். ஆனால் மேடைக் குரல் இல்லை. கைத்தடியைப் போட்டுவிட்டு, கழுத்துப் பட்டையோடு ஓடிவந்து கொழுந்தனின் இடது முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கினார்.

"கிளட்சை விடாத! விட்டுராத தம்பி! காலை எடுக்காத! மூக்கு எந்திரிச்சா ஒண்ணுமே தெரியாது, வானம்தான் தெரியும்! பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுருவ! மேல வேண்டாம், அவன் அப்பவே சொன்னான், மேல வேண்டாம் முதலாளின்னு சொன்னான்!"

கொழுந்தன் எஞ்சினை அணைத்தான். அமைதி காதில் அடித்தது.

"எவன் சொன்னான்?" அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

முதலாளி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பட்டை தாடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இருந்த முகத்தைத் தாங்க ஆள் இல்லை.

"ரெண்டு பேரும்தான் சொன்னாங்க," என்றார். "நிதானமும் சொன்னான், பம்பரமும் சொன்னான்."

"நீங்க கேக்கலை."

"பாதுகாப்பு வாரத்துக்கு போர்டு படம் புதுசா வேணும்னு... நானே ஓட்டற மாதிரி. பின்னால மரம், நடுவுல சங்கிலி. கீழ மாட்டினா சங்கிலி சேத்தோட சேறா கிடக்குது, படத்துல விழலைன்னு என் மாப்பிள்ளை சொன்னான். அவன்தான் போட்டோ எடுத்தவன். சங்கிலியைக் கழட்டி மஞ்சள் அடிச்சோம். கீழ மாட்டினா அதுவும் சேத்துல மறைஞ்சுரும்னான். மேல மாட்டுடான்னு பம்பரத்துகிட்ட நான்தான் சொன்னேன். மாட்ட மாட்டேன்னான். நாளைலேர்ந்து வேலைக்கு வராதேன்னேன். மாட்டினான்."

"பெல்ட்டு?"

"நிதானம்தான் போட்டு விட்டான். பெல்ட்டு போடலன்னா சாவியே தரமாட்டேன்னு நின்னான். சும்மா உக்காந்து போஸ் குடுங்க போதும்னு சொன்னான். எனக்குத்தான்... சக்கரம் கொஞ்சம் உருண்டா படம் உயிரோட இருக்கும்னு..." அவர் நிறுத்தினார். "மூக்கு எந்திரிச்சப்ப அவன் பக்கவாட்டுல தாவி ஏறினான். கிளட்சை அமுக்கறதுக்கு. எனக்காக ஏறினான். நான் பெல்ட்டுல தொங்கினேன், அவன் அடியில போயிட்டான். பம்பரம் கத்தியால அறுத்து என்னை எடுத்தான்."

"எடுத்ததும் நீங்க சொன்ன முதல் வார்த்தை என்ன?"

முதலாளி தரையைப் பார்க்க முயன்றார். பட்டை விடவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"'நான் இங்க இல்ல'ன்னேன்."

கொழுந்தனுக்குக் கைவசம் நாலைந்து கிண்டல் இருந்தது. ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. இந்த ஆள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், சாட்சி சொல்லக்கூடிய ஒருவன் இப்போது சப்பாத்தியாகியிருப்பான். அப்படி நிற்க முடியவில்லை அவரால். போர்டில் இருக்கும் ஆளைவிட இந்த ஆள் கொஞ்சம் தேவலை.

"அண்ணி, அவர் கத்தலைன்னா?"

"'விடு'ன்னு சொன்னா விட்டுருவியா? உன்னை எனக்குத் தெரியாதா? என் பேச்சை என்னிக்குக் கேட்டிருக்க?"

அவன் இறங்கி, சங்கிலியை மேல் துளையிலிருந்து கழற்றி, கீழே டிரா பாரில் மாட்டினான். அண்ணியையும் முதலாளியையும் பெரிய டிராக்டருக்கு அந்தப் பக்கம் ஒதுங்கச் சொன்னான். சங்கிலி அறுந்தால் எந்தப் பக்கம் வீசும் என்று அதற்கே தெரியாது. மறுபடி ஏறி, இருப்பதிலேயே தாழ்ந்த கியரைப் போட்டு, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் கிளட்சை விட்டான். சங்கிலியின் தொய்வு கண்ணி கண்ணியாக இறுகியது. ரேஸ் இல்லை, வெட்டு இல்லை. எஞ்சின் முனகியது. பின் சக்கரம் தரையைக் கவ்வியது. மரம் யோசித்து, முணுமுணுத்து, பள்ளத்தைவிட்டு ஒரு சாண் நகர்ந்தது. அதற்குள் வண்டியின் மூக்கு எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டது. ஷெட்டின் நீளம் அவ்வளவுதான். சங்கிலியைச் சுருக்கி மாட்டினால் இன்னொரு இழுப்பு இழுக்கலாம். ஆனால் புகையில் கண் எரிந்து, முதலாளி இருமிக்கொண்டிருந்தார். அண்ணி கையைக் காட்டினாள். அவன் அணைத்ததும் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கதவை இழுத்துப் பார்த்தான் கொழுந்தன். ஒரு கை நுழையும் அளவுக்கு வந்தது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

அந்தக் கோட்டில் ஒரு கண் தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு கண். பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரம்பம் ஓடவில்லை. எஞ்சினை முதல் தடவை அணைத்தபோது காதில் அடித்த அமைதி, ஷெட்டுக்கு வெளியேயும் இருந்த அமைதி.

"எப்ப நின்னுச்சு?"

"டீ நேரம்," என்றாள் அண்ணி. "அந்நேரம் ஆளுங்களை இங்க கூட்டிட்டு வான்னு காலைலயே பம்பரம் பெண்டாட்டிகிட்ட சொல்லியிருந்தேன். சும்மா விசாரிக்கத்தான். ஸ்டூடியோ கதை கேட்டுட்டு இருந்தேனே, அது ரம்பம் நிக்கறதுக்காக."

"அப்ப நாம ஒரு குரல் குடுத்திருந்தா..."

"அப்பவே வந்து காப்பாத்தியிருப்பாங்க. அப்புறம் யார் உண்மையைச் சொல்றது?"

கொழுந்தன் எரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புகையில் செத்துக்கொண்டே தப்பிக்கத் திட்டம் போட்டது தான் மட்டும்தானா?

இடுக்கு வழியாக ஒரு வளையல் கை உள்ளே நீண்டது. பம்பரத்தின் பெண்டாட்டி. அண்ணி அறுந்த பெல்ட்டை வண்டியிலிருந்து கழற்றிச் சுருட்டி அந்தக் கையில் வைத்தாள்.

"ஓடு. இன்ஸ்பெக்டர் கையில குடு. அவன் கூண்டுல ஏறி வாயைத் திறக்கறதுக்குள்ள போயிரணும். காதால கேட்டவங்க எத்தனை பேரு?"

"எல்லாரும் கேட்டோம்க்கா."

"எல்லாரும் போங்க."

கை மறைந்தது. தடதடவென்று காலடிகள். ஒரு வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம். முதலாளி தட்டுத்தடுமாறி எழுந்து இடுக்கில் முகத்தை வைத்தார். பட்டை கதவில் இடித்தது.

"நானும் வரேன்! நானே வந்து சொல்றேன்! டேய், யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன் முதலாளி," என்றது ஒரு வயசான குரல். மேஸ்திரி.

"வெளிய நிக்கற அந்த மூணாவது டிராக்டரைக் கொண்டா. பின்பக்கத் தகரத்துல சங்கிலியை மாட்டிப் பேத்து எடு. சீக்கிரம்!"

வெளியே தீக்குச்சி உரசும் ஓசை கேட்டது.

"வண்டி இருக்குங்க, சங்கிலியும் இருக்கு," என்றார் மேஸ்திரி. "மாட்டறதுக்குத்தான் ஆள் இல்ல. பம்பரம் லாக்கப்ல இல்ல இருக்கான்? அவன் வரட்டும்."